கூட்டம் காஷுவால்டியில், காரணம் வார்டில்: சமூக மருத்துவமனையின் நான்கு பணிமுறைகள், நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பிறகு

நூறு, நூற்றைம்பது படுக்கை கொண்ட மருத்துவமனையில் நோயாளிகளின் வரத்தைச் சமாளிக்க நான்கு முறைகள் அன்றாடம் புழங்குகின்றன: வாசலில் யாரை முதலில் பார்ப்பது என்று சொல்லும் நிற வரிசை, வார்டில் நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ்-2 மதிப்பெண், தொலைபேசியில் டாக்டருக்குச் சுருக்கமாகத் தகவல் சொல்லும் எஸ்பார் (SBAR), நர்ஸ் மேசைக்குப் பின்னால் படுக்கைப் பலகை. அறிமுகமான முதல் மாதத்தில் நான்குமே அருமையாகத் தெரியும். எது தேய்கிறது, எது தாங்குகிறது என்பது பிறகுதான் தெரியவரும். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காஷுவால்டி (அவசரச் சிகிச்சைப் பிரிவு) நெரிசலுக்குக் காஷுவால்டியிலேயே தீர்வு தேடிப் பயனில்லை. மாலை வரை காலியாகாத வார்டுப் படுக்கைதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இதைத் தெளிவாகக் காட்டும். உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது வருகை வேகத்தை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. மணிக்கு 6 பேர் வந்து சராசரி 2 மணி நேரம் இருந்தால், உள்ளே 12 பேர். வார்டில் இடம் கிடைக்காமல் அந்தச் சராசரி 3 மணி நேரமானால், 18 பேர். வருகை ஒருவர்கூடக் கூடவில்லை, ஆனால் ஆறு டிராலி அதிகம் வேண்டும். படுக்கைகள் நிரம்ப நிரம்பக் காத்திருப்பு நேர்க்கோட்டில் ஏறாது, எகிறும். எளிய ஒற்றை வரிசைக் கணக்கில் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது உள்ள காத்திருப்பு, 90 சதவீதத்தில் இரண்டே கால் மடங்காகிறது. 95 சதவீதத்தில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நிஜ வார்டு இவ்வளவு சுத்தமாகக் கணக்குக்குள் அடங்காது என்றாலும் போக்கு இதேதான். ஒரு படுக்கைகூடச் சும்மா கிடக்கக் கூடாது என்று நிர்வாகம் வற்புறுத்தும்போது இதை எடுத்துச் சொல்ல வேண்டியது மருத்துவப் பணியாளர்களின் கடமை.

அதனால் டிஸ்சார்ஜிலிருந்தே தொடங்குவது நல்லது. வழக்கமான ரவுண்ட்ஸ் முதல் படுக்கையில் தொடங்கி வரிசையாகப் போகும். வீட்டுக்குப் போகத் தயாராக இருப்பவர் இருபத்தெட்டாம் படுக்கையில் இருந்தால் அவரைப் பார்க்கவே பன்னிரண்டு மணி ஆகிவிடும். அதன்பின் சம்மரி எழுதி, மருந்து வாங்கி, கணக்கு முடித்து, ஆள் வந்து கூட்டிப்போகும்போது மணி நான்கைத் தாண்டியிருக்கும். படுக்கை தேவைப்பட்டதோ பதினொன்றுக்கு. வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடியும்: முதலில் நிலை மோசமானவர்கள், அடுத்து இன்று போகக்கூடியவர்கள், கடைசியில் மற்றவர்கள். முந்தைய மாலையே சம்மரியின் முதல் வரைவு, மருந்துப் பட்டியல், வீட்டாருக்குத் தகவல் ஆகிய மூன்றும் முடிந்திருக்க வேண்டும். காலையில் வரவேண்டிய ரத்தப் பரிசோதனை ஒன்று பாக்கியிருந்தால் அந்தக் குழாய் லேபுக்கு முதல் தவணையிலேயே போக வேண்டும். பொதுக் குவியலோடு போய்விட்டால் முடிவு மதியம்தான் வரும், டிஸ்சார்ஜும் அதோடு தள்ளிப்போகும்.

படுக்கைப் பலகையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் உத்தேச டிஸ்சார்ஜ் தேதி எழுத வேண்டும் என்பது விதி. மூன்றே வாரத்தில் இது பழுதாகும். தேதியைத் தினமும் ஒரு நாள் தள்ளி எழுதுவார்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இதற்குக் கைகொடுத்தது இன்னொரு கட்டம்: ‘இன்று எதற்காகக் காத்திருக்கிறார்?’ ஸ்கேன், இதய மருத்துவர் கருத்து, பிசியோதெரபி, வீட்டார் என ஒரே சொல் போதும். தேதியை மாற்றினால் இந்தச் சொல்லையும் எழுதியாக வேண்டும். ஒரு வாரப் பலகையைப் படம் எடுத்து வைத்துப் பார்த்தால், சிகிச்சைக்காகத் தங்கியவர்கள் யார், ஒரு கையெழுத்துக்காகத் தங்கியவர்கள் யார் என்று பளிச்சென்று தெரியும்.

வாசலில் உள்ள மான்செஸ்டர் நிற வரிசை உறுதியான கருவி. டாக்டர் எவ்வளவு நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பதை நிறம் சொல்லும்: சிவப்பு உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. பிழை இரண்டு இடங்களில் நேர்கிறது. ஒன்று, சீட்டுப் பதிந்த பிறகுதான் நிறம் கொடுப்பது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடத்தில் இ.சி.ஜி. எடுத்து, அதை ஒரு டாக்டர் பார்த்தும் இருக்க வேண்டும். பதிவு வரிசையே அந்தப் பத்து நிமிடத்தையும் தின்றுவிடும். இன்னொன்று, கொடுத்த நிறத்தைத் திரும்பிப் பார்க்காமல் விடுவது. மஞ்சள் அட்டையோடு அமர்ந்தவர் ஒன்றரை மணி நேரம் கழித்தும் மஞ்சளாகவே இருப்பார் என்று என்ன உறுதி? அறுபது நிமிடம் தாண்டினால் பல்ஸும் பிரஷரும் மறுபடி பார்த்தே தீர வேண்டும். நிறம் கொடுக்கும் நர்ஸைக் கட்டுப் போடக் கூப்பிடும் வழக்கம் உள்ள இடத்தில் இந்த முறை இருந்தும் இல்லாததுபோலத்தான். முதியவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவருக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் பல்ஸ் ஏறாமல் இருக்கலாம், நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம்.

அதிகம் சொல்ல வேண்டியது நியூஸ்-2 பற்றித்தான். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய மதிப்பெண் இது. மூச்சு எண்ணிக்கை, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம்), ஆக்சிஜன் ஓடுகிறதா, பிரஷர், பல்ஸ், நினைவு நிலை, வெப்பநிலை என ஏழு அளவுகள்; இயல்பிலிருந்து விலகும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டுத்தொகை 5 அல்லது 6 என்றால் டாக்டர் விரைந்து பார்க்க வேண்டும், குறைந்தது மணிக்கு ஒருமுறை அளவெடுக்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் அவசரக் குழுவும் தொடர் கண்காணிப்பும். ஒரே அளவில் 3 வந்தாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

இதன் பலவீனம் மூச்சு எண்ணிக்கை. மற்ற எண்களைக் கருவி அளக்கிறது; இதை மட்டும் மனிதர் கடிகாரத்தைப் பார்த்து முழு 60 விநாடி எண்ண வேண்டும். நெரிசலான ஷிஃப்டில் யாரும் எண்ணுவதில்லை, 18 என்று எழுதிவிடுவார்கள். அதன் விளைவைப் பாருங்கள். மூச்சு 22, சாச்சுரேஷன் 95, பிரஷரின் மேல் எண் 108, பல்ஸ் 104, வெப்பநிலை 38.4, தெளிவான நினைவு, ஆக்சிஜன் இல்லை. தனித்தனியே பார்த்தால் ஒன்றும் பயமுறுத்தாது. மதிப்பெண் 2, 1, 1, 1, 1, மொத்தம் 6. இது செப்சிஸின் (தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை) தொடக்கமாக இருக்கக்கூடிய படம். 22-க்குப் பதில் 18 என்று எழுதினால் மொத்தம் 4 ஆகிறது. அடுத்த அளவெடுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து. ஒரு எண்ணைச் சோம்பலாக எழுதியதில் அந்த நோயாளி ஓர் இரவையே இழக்கக்கூடும். உங்கள் வார்டில் ஒரு நாளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து மூச்சுப் பத்தியை மட்டும் பாருங்கள். 16, 18, 20 மட்டுமே வரிசையாக நின்றால் யாரும் எண்ணவில்லை என்று பொருள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல வைத்துக்கொண்டே மார்பின் ஏற்றத்தை எண்ணினால், எண்ணுவது தெரிந்து நோயாளி மூச்சை மாற்றிக்கொள்ள மாட்டார்.

நாள்பட்ட நுரையீரல் நோயால் கரியமிலவாயு தேங்குபவர்களுக்கு 88 முதல் 92 வரை இலக்கு வைத்த தனி அளவுகோல் உண்டு. அதை டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பயன்படுத்த வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நியூஸ்-2 பொருந்தாது, அவர்களுக்கு வேறு அட்டவணைகள் வேண்டும்.

மதிப்பெண் ஏறிவிட்டது, இரவு இரண்டு மணி, டூட்டி டாக்டரை எழுப்ப வேண்டும். இங்கேதான் எஸ்பார். “டாக்டர், ரெண்டாம் வார்டு ஸ்டாஃப் பேசுறேன். ஏழாம் பெட், ஸ்கோர் 2-லேருந்து 6 ஆயிடுச்சு. நேத்து சிறுநீர்த் தொற்றுன்னு அட்மிட் ஆனவர், சுகர் இருக்கு. செப்சிஸோன்னு தோணுது. இருபது நிமிஷத்துல வந்து பாருங்க. அதுவரைக்கும் பிளட் கல்ச்சர் எடுத்து வைக்கவா?” நிலை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை எல்லாம் அரை நிமிடத்தில் வந்துவிட்டன. பழகப் பழக முதலில் உதிர்வது கடைசிப் பகுதி. ‘சும்மா தகவலுக்குச் சொன்னேன் டாக்டர்’ என்று பேச்சு முடிந்தால் யாரும் எழுந்து வர மாட்டார்கள். இளம் நர்ஸ் ஒருவர் கோரிக்கையை நேராகச் சொல்லும் துணிச்சல் பெற, மூத்த டாக்டர் ஒருமுறையாவது “அழைத்தது நல்லது” என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

ஓ.பி. பற்றிச் சுருக்கமாக. பிரஷர், சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கும் 600 பேர் மாதாமாதம் மருந்து வாங்க வந்தால் 600 வருகை. நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்து கொடுத்தால் மாதம் 200. இடைப்பட்ட நாட்களில் பிரஷர் பார்க்க நர்ஸ் நடத்தும் தனி வரிசை போதும். புது டாக்டர் ஒருவரை நியமிப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய வேலை இது.

இன்னும் சரியாகாதது வார இறுதி. வெள்ளி மாலை உத்தேச தேதி ‘ஞாயிறு’ என்று இருக்கும். ஞாயிறு டூட்டி டாக்டருக்கு அந்த நோயாளியைத் தெரியாது, முடிவெடுக்கத் தயங்குவார். திங்கள் காலை மூன்று நாள் டிஸ்சார்ஜும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும், அதே நேரத்தில் காஷுவால்டியும் நிரம்பும். வெள்ளி ரவுண்ட்ஸிலேயே கேஸ் ஷீட்டில் நிபந்தனையை எழுதி வைத்தால் இது குறைகிறது: ‘24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, வாய்வழி மருந்து தங்குகிறது, கிரியாட்டினின் ஏறவில்லை என்றால் ஞாயிறு அனுப்பலாம்.’ எண்ணும் அளவும் இல்லாமல் ‘நன்றாக இருந்தால் அனுப்பலாம்’ என்று எழுதிய தாள்களில் பெரும்பாலானவை திங்கள் வரை அப்படியே கிடக்கின்றன.