அவுட்டோர் விசிறி சுற்றவே இல்லை: ரெண்டு மாதச் சம்பளத்துக்கு நான் வாங்கிய "ஹீட் பம்ப்"

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுகிற ஆள் நான்.

அப்பா படுக்கும் ஒரே ஓர் அறையைச் சூடாக்க, சின்ன ஹீட் பம்ப் ஒன்று வாங்கினேன். பல விற்பனையாளர்கள் கடை போட்டிருக்கும் பெரிய ஆன்லைன் தளம், பெயர் வேண்டாம். விலை, என் ரெண்டு மாதச் சம்பளம். சாதாரண ஹீட்டர் இதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உறிஞ்சி உள்ளே சுமந்துவருகிறது. மிதமான குளிரில் ஒன்றுக்குச் சுமார் மூன்று கிடைக்கும். குளிர் கூடக்கூட அது குறையும், ஆனாலும் ஹீட்டரை விட மேல். இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். படித்தவனைத்தான் ஏமாற்றினார்கள்.

வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் போனில் பேசினேன். அறையின் நீள அகலம் கேட்டார். ஜன்னல் எத்தனை, மேலே மாடி உண்டா என்று கேட்டார். கடைசியாக, "அப்பாவுக்குக் கால் மரத்துப்போகுமா சார்? அப்ப கட்டிலுக்கு நேரா மாட்டாதீங்க, காத்து மேல அடிக்கும். எங்கப்பா ரூம்லயும் இதேதான் ஓடுது" என்றார். அங்கேதான் விழுந்தேன். அவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவரிடம் போய், இயந்திரத்தில் வாட் கணக்கு எழுதி ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

மாட்டியாயிற்று. சூடு வந்தது, நன்றாகவே வந்தது. அப்பாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் முதல் நாளிலிருந்தே தூசி கருகுவது போல ஒரு வாசனை. நான்காம் நாள் இரவு சந்தேகப்பட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அவுட்டோர், அதாவது வெளியே மாட்டிய பெட்டி, செத்த பிணம் மாதிரி நிற்கிறது. விசிறி சுற்றவில்லை, கம்ப்ரசர் சத்தம் இல்லை. தொட்டுப் பார்த்தேன், அதிர்வுகூட இல்லை. உள்ளே அப்பா அறையில் அனல் காற்று. கால் மணி நேரம் நின்றேன், ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. பிளக்கில் மாட்டும் சின்ன வாட் மீட்டரைப் போட்டுப் பார்த்தால் 2040!

மறுநாள் போன் செய்தேன். "அது டிஃப்ராஸ்ட் சார், பனி உருகுறப்ப விசிறி நிக்கும்" என்றார். இது அரை உண்மை, அதனால்தான் எரிச்சல். குளிரில் அவுட்டோரில் இருக்கும் குழாய்ச்சுருளில் பனி படியும், அதை உருக்க இயந்திரம் சில நிமிடம் தலைகீழாக ஓடும், அப்போது வெளி விசிறி நிற்கும். சரி. ஆனால் அந்த நேரத்தில் உள்ளே சூடான காற்றும் வராதே! கேட்டேன். "டெக்னீஷியனை அனுப்புறேன்" என்றார்.

அவர் அனுப்பிய ஆள் ஒன்பதாம் நாள் வந்து, ரிமோட்டை நாலு தரம் அழுத்திவிட்டு "நல்லாத்தானே சூடு வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தாம் நாளோடு திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்தது. அப்புறம் தளத்தில் கேட்டால் விற்பனையாளரிடம் பேசுங்கள் என்கிறார்கள், விற்பனையாளரிடம் கேட்டால் தளத்தில் புகார் போடுங்கள் என்கிறார். "மாட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை சார்." ரெண்டு மாதச் சம்பளம் சார் இது!

தெரிந்த ஏசி மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டேன். அவுட்டோர் மூடியைக் கழற்றிய வேகத்தில் சிரித்துவிட்டார். "அண்ணா, இதுல நாலுவழி வால்வே இல்ல." குளிரூட்டும் வாயுவைத் திசை மாற்றி ஓடவைக்கும் பித்தளை வால்வு அது; ஒரு பக்கம் ஒரு குழாய், மறுபக்கம் மூன்று இருக்குமாம். அது இல்லாவிட்டால் இது வெறும் குளிர் ஏசி. சூட்டுக்காக உள்யூனிட்டில் ஹீட்டர் காயில் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். பக்கவாட்டு லேபிளில் எல்லாமே எழுதியிருக்கிறது: குளிருக்கு உள்ளே போவது 800 வாட், கிடைப்பது 2600. சூட்டுக்கு உள்ளே போவது 2000, கிடைப்பதும் 2000. மாட்டிய அன்றே நான் படித்திருக்கலாம். இரவில் பத்து மணி நேரம் ஓடினால் இருபது யூனிட். உண்மையான ஹீட் பம்பாக இருந்தால் ஏழு, எட்டோடு முடிந்திருக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக ஒரு பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. லேபிள் படம் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். சூட்டுக்கான ரெண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் அது ஹீட்டர். மாட்டிய அன்றே சூட்டில் போட்டுவிட்டு வெளியே போய் விசிறியைப் பாருங்கள், கெடு முடியும்வரை எந்த டெக்னீஷியனுக்காகவும் காத்திருக்காதீர்கள். சக்கரத்தில் உருட்டி வைத்து, ஜன்னலில் ஒற்றைக் குழாய் விடும் மாடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது அறைக்காற்றை வெளியே தள்ளுவதால் கதவிடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே வரும். அது இன்னொரு நாள்.

தளத்திலிருந்து இப்போதுதான் மெயில் வந்திருக்கிறது. லேபிளின் படம் அனுப்பச் சொல்கிறார்கள். இது நான்காவது தடவை.