ஜோட்டெரோவுடன் எட்டு வருடம்: அப்பா மேற்கோள் ஆன கதை

முதல் கட்டுரையை மருத்துவ இதழுக்கு அனுப்பப்போகும் ஜூனியர் ஒருத்தி நேற்று கேட்டாள்: "அக்கா, ரெஃபரன்ஸுக்கு ஜோட்டெரோ போதுமா, இல்ல காசு கொடுத்து ஏதாவது வாங்கணுமா?" ஜோட்டெரோ என்பது ரெஃபரன்ஸ்களைச் சேமித்து, கட்டுரையில் பட்டியலாகப் போட்டுத் தரும் மென்பொருள். "போதும்மா" என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அதே நாள் காலையில்தான் என் புதுக் கட்டுரையின் ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி, வந்திருந்தது. அதில் 17-ஆம் ரெஃபரன்ஸ் என்னுடைய பழைய கட்டுரை. அங்கே நான் இல்லை, அப்பா இருந்தார்.

இலவசம், பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தின் எண்ணைப் போட்டால் முழு விவரமும் வந்து உட்காரும், வேர்டுக்குள்ளேயே மேற்கோள் போடலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு இதன்மேல் மரியாதை வந்தது ஒரு நிராகரிப்பின்போது. 38 ரெஃபரன்ஸோடு போன கட்டுரை திரும்பி வந்தது. முதல் இதழ் ஆறு கட்டுரையாளர் பெயருக்குப் பிறகு 'எட் ஆல்' ('மற்றும் பிறர்') கேட்டது. அடுத்து அனுப்ப நினைத்த இதழுக்கு மூன்று பேர் போதும், எண்கள் மேலெழுத்தாக வேண்டும். ஜோட்டெரோவில் பாணியை மாற்றி 'ஓகே' கொடுத்தேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மேலெழுத்து எண்ணை முற்றுப்புள்ளிக்கு அந்தப் பக்கம் தள்ளுவதை மட்டும் கையால் செய்ய வேண்டியிருந்தது. தீசிஸ் காலத்தில் இதே வேலைக்கு நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறேன்.

எதிர்பாராத நன்மை இன்னொன்று உண்டு. வாபஸ் வாங்கப்பட்ட கட்டுரை நம் சேமிப்பில் இருந்தால் சிவப்பில் எச்சரிக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு 2019-இலிருந்து இது இணைந்திருக்கிறது. 2020-இல் லான்செட்டில் வந்து இரண்டே வாரத்தில் வாபஸ் ஆன கொரோனாவுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து பற்றிய கட்டுரையை அந்த அவசரத்தில் நானும் சேமித்து வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் திறந்தால் தலைமேல் சிவப்புப் பட்டை. கைடு சார் கண்ணில் படுவதற்கு முன் என் கண்ணில் பட்டது புண்ணியம்.

இனி அப்பா விஷயம்.

என் பெயர் 'எம்' எழுத்தில் தொடங்கும், அப்பா பெயர் 'எஸ்' எழுத்தில். வீட்டில், பள்ளியில், மருத்துவமனைப் பெயர்ப் பலகையில் எல்லாம் நான் 'எஸ்' போட்டு என் பெயர்தான். குடும்பப் பெயர் என்ற சரக்கே எங்களிடம் கிடையாது. முதல் கட்டுரையை இணையத்தில் ஏற்றும்போது 'லாஸ்ட் நேம்' பெட்டியில் நட்சத்திரக் குறி போட்டிருந்தார்கள். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது. பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று அப்பா பெயரை முழுதாகப் போட்டேன். மருத்துவ இதழ்கள் ரெஃபரன்ஸ் எழுதும் வான்கூவர் முறையில் குடும்பப் பெயர் முழுதாக வரும், மற்றது முதலெழுத்தாகச் சுருங்கும். ஆக, ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய நான் ஒற்றை 'எம்'. கட்டுரையாளர் என் அப்பா, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

புத்தி வந்து, அடுத்த இதழில் அந்தப் பெட்டியில் 'எஸ்' மட்டும் போட்டேன். நான் 'எஸ் எம்' ஆனேன், ரயில் நிலையக் குறியீடு மாதிரி. மூன்றாவது கட்டுரையில்தான் என் பெயரையே குடும்பப் பெயராக்கி, இனிஷியலை இனிஷியலாகவே வைத்தேன். இப்போது பப்மெட்டில் நான் மூன்று பேர். பதவி உயர்வுக் கோப்பில் மூவரும் ஒருவரே என்று விளக்கக் கடிதம் வைத்திருக்கிறேன். ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் எண் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ரெஃபரன்ஸ் பட்டியலில் அந்த எண் அச்சாவதில்லையே.

ஜோட்டெரோவில் பெயருக்கு இரண்டு பெட்டி, வேண்டுமானால் ஒற்றைப் பெட்டியாக மாற்றிக்கொள்ளலாம். இது நிறுவனப் பெயர்களுக்கு அருமையான வசதி. சென்னையில் நடந்த புகழ்பெற்ற காசநோய் ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்குவதற்கு ஈடாகக் குணமாகும் என்று காட்டியது. அது 1959-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. கட்டுரையாளர் இடத்தில் 'டியூபர்குளோசிஸ் கீமோதெரபி சென்டர், மெட்ராஸ்' என்று மையத்தின் பெயர். இதை இரண்டு பெட்டியில் பிரித்துப் போட்டால் சென்டர் குடும்பப் பெயராகி, கீமோதெரபி இனிஷியலாகிவிடும். ஒற்றைப் பெட்டியில் போட்டால் சுத்தமாக வரும். அந்த இதழின் பெயர் மட்டும் விதிப்படி 'புல் வேர்ல்ட் ஹெல்த் ஆர்கன்' என்று சுருங்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்புதான்.

அதே ஒற்றைப் பெட்டியில் என் பெயரையும் திருத்திப் போட்டேன். என் பிரதியில் சரியாகவே வந்தது. ப்ரூஃபில் மறுபடி அப்பா. இதழ்க்காரர்கள் பப்மெட்டோடு ஒப்பிட்டுப் 'பிழை' திருத்தியிருக்கிறார்கள். நியாயமாகச் சொன்னால் அவர்கள் செய்தது சரி, மூலப் பதிவில் இருப்பதுதான் ரெஃபரன்ஸில் இருக்க வேண்டும். ஜோட்டெரோவும் பதிப்பாளர் கொடுத்ததை வாங்கி வைக்கிறது, அவ்வளவுதான். தப்பு முதல்நாள் பெட்டியை நிரப்பிய என்மேல். இதையெல்லாம் நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டாலும் கோபம் போகவில்லை. 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடி இந்த முறைக்கு வித்திட்ட இதழாசிரியர்கள், கும்பகோணத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஜூனியருக்குப் போட்ட பதில் இது: "ஜோட்டெரோவே வச்சுக்கோ, காசு செலவு பண்ணாதே. ஆனா இன்னைக்கு மார்க் கேட்டா அஞ்சுக்கு ரெண்டுதான் போடுவேன். மேனுஸ்கிரிப்டை வாட்ஸ்அப்பில யாருக்கும் அனுப்பாதே, போன்ல திறந்து சேமிச்சா ஜோட்டெரோ லிங்க் போயிடலாம். அப்புறம், லாஸ்ட் நேம் பெட்டியில உன் பேரைப் போடு, உங்க அப்பா பேரை இல்ல."

மாலையில் அப்பாவிடம் சொன்னேன், உங்களை ஒன்பது கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எதப் பத்திம்மா எழுதியிருக்கேன்?" என்றார். வளரிளம் பெண்களின் ரத்தசோகை என்றேன். "நல்ல விஷயந்தான்" என்று செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார். ப்ரூஃபைத் திருப்பி அனுப்ப 48 மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். 17-ஐ அப்படியே விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.