பெங்களூரு வீட்டில் தமிழ்க் காதல் நகைச்சுவைப் படங்கள்: எந்தப் பிரதியைப் பார்ப்பது?

1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை', 2025 பொங்கலுக்கு வந்த கிருத்திகா உதயநிதியின் 'காதலிக்க நேரமில்லை'. தலைப்பு ஒன்றுதான். முதல் படத்தில் எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனின் சம்மதம் கிடைக்க, பணக்கார அப்பா ஒருவரை வேஷம் போட்டே உண்டாக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் நாயகி கல்யாணத்துக்குக் காத்திராமல் செயற்கைக் கருத்தரிப்பில் பிள்ளை பெறுகிறாள். நடுவில் நடந்த மாற்றத்தை வீட்டிலிருந்தே வரிசையாகப் பார்க்க ஓடிடியும் இலவச வீடியோ தளங்களும் இருக்கின்றன. புதுப் படங்களுக்கு இந்தச் சேவையில் குறை குறைவு. பழைய படங்களுக்குப் பிரதியைப் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

பெரிய கேடு வெட்டுதான். முதல் படத்தில் விஸ்வநாதனாக வரும் பாலையாவிடம் மகன் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சி தனித் துண்டாகப் பல இடங்களில் கிடைக்கிறது. சிரிக்க அது போதும். ஆனால் நாகேஷ் படம் எடுக்கத் துடிப்பது அப்பாவின் பணத்தை நம்பித்தான். வேலை போன ரவிச்சந்திரன் கூச்சல் போடுவதும் அதே வீட்டு வாசலில். வேலை, காதல், கலை எல்லாமே ஒரே ஆளின் பணப்பெட்டியைச் சுற்றி வருகின்றன. முழுப் படத்தில்தான் அது தெரியும்.

பிரதி முழுசா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆரம்பத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளம் மீட்டரில் இருந்தால் அதை 27.4ஆல் வகுங்கள், நிமிடக் கணக்கு வந்துவிடும். 4,500 மீட்டர் என்றால் ஏறக்குறைய 164 நிமிடம். பிரதி 157 நிமிடம் ஓடினால் பதற வேண்டாம். விநாடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டிய படத்தை 25ஆக ஓட்டி டிவிடி போட்டால் 4 சதவீதம் குறையும், பாட்டின் சுருதியும் சற்று ஏறிக் கேட்கும். 140 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் நிச்சயம் கத்தரி பட்டிருக்கிறது.

அடுத்தது சட்டகத்தின் அகல உயர விகிதம். அகலத்திரைக்கு முந்தைய படங்களில் அது ஏறக்குறைய 1.37:1. டிவியை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டியிருந்தால் தலை பறிபோகும். பக்கவாட்டில் இழுத்திருந்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கும் பிரதியே நல்ல பிரதி.

அடுத்து 2010இன் 'பாஸ் என்கிற பாஸ்கரன்'. இங்கே நாயகன் கையில் வேலை இல்லை. டுடோரியல் தொடங்கித் தன்னை நிரூபிக்க வேண்டும். அவன் நாயகியின் பின்னால் சுற்றுவதை அன்று அரங்கம் ரசித்தது, இன்று பார்த்தால் உறுத்துகிறது. 2015இன் 'ஓ காதல் கண்மணி'யில் ஜோடி மும்பையில் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறது, கடைசியில் கல்யாணத்தில் போய் நிற்கிறது. அதைத் தாண்ட அந்தப் படம் துணியவில்லை என்பது என் குறை. ஆனாலும் பிரகாஷ்ராஜ், லீலா சாம்சன் வரும் முதிய தம்பதியின் பகுதிக்காகவே பார்க்கலாம்.

2022இன் 'லவ் டுடே'யில் பெண்ணின் அப்பா மறுபடி வாசலில் வந்து நிற்கிறார். அவர் சொத்துக் கேட்கவில்லை, ஒரு நாள் இருவரும் போனை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். திரையில் ஓடும் அரட்டை வரிகளைப் படிக்க முடியாவிட்டால் பாதிச் சிரிப்பு போய்விடும். கைப்பேசி வேண்டாம், டிவியில் பாருங்கள். 64இன் விஸ்வநாதனையும் இந்த அப்பாவையும் அடுத்தடுத்த நாளில் பார்ப்பது நல்ல அனுபவம். இத்தனை படத்திலும் சாதியை மட்டும் யாரும் நேராக எதிர்கொள்வதில்லை. பணம், வேலை, போன் என்று எதையாவது முன்னால் வைத்து அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

அல்சூரிலோ ஜீவன்பீமா நகரிலோ மருமகள் கன்னடம், மாப்பிள்ளை மலையாளம் என்றிருக்கும் வீடுகளுக்கு வசன வரி (சப்டைட்டில்) முக்கியம். தானாக உருவாகும் வசன வரி பாலையாவின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பதிவேற்றியவரே சேர்த்த வரி இருக்கிறதா என்று அமைப்பில் பாருங்கள். ஓடிடியில் ஒலி மொழி சில சமயம் இந்தியில் தொடங்கும். தமிழுக்கு மாற்றிவிட்டு, முதல் பத்து நிமிடம் வரியும் உதடும் சேர்கின்றனவா என்று சோதித்த பிறகு வீட்டாரைக் கூப்பிடுங்கள்.