பழைய காரின் கொட்டகைக்கு ஏசியா, ஈரநீக்கியா?

சென்னையில் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் ஓர் அம்பாசடரையோ பத்மினியையோ போற்றி வைத்திருப்பவர்களுக்கு, வெயிலைவிடப் பெரிய பகை உப்பு கலந்த ஈரக்காற்றுதான். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். உப்புப் படிந்த தகட்டில் அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

ஏசி, அறையைக் குளிர்விப்பதோடு ஈரத்தையும் ஓரளவு வடிக்கிறது. ஆனால் அது கட்டுப்படுவது வெப்பநிலைக்கு மட்டுமே என்பதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வெளியே 24 டிகிரியாக இருக்கும் இரவுகளில், கம்ப்ரசர் பெரும்பாலும் ஓய்ந்துவிட, ஈரம் அப்படியே தங்கிவிடுகிறது. அதைவிடக் கவலை தருவது வேறொன்று: குளிர்ந்திருக்கும் காரின் மீது, ஷட்டரைத் திறந்தவுடன் வெளிக்காற்று படும்போது, குரோமியம் பூசிய பம்பரிலும் கதவுகளின் உட்புறத் தகட்டிலும் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத மடிப்புகளில் துரு பிடிக்க அதுவே போதும்.

டீஹியூமிடிஃபையர் எனப்படும் ஈரநீக்கியோ ஈரப்பதத்தை அளந்தே இயங்குகிறது. அறையைச் சற்றுச் சூடாக்கும் என்பது உண்மை. ஆயினும் கார் குளிராததால் மேலே நீர் கோப்பதில்லை. அளவை 50 சதவீதத்தில் வைப்பது நல்லது. 40-க்குக் கீழே போனால் தோல் இருக்கைகள் வறண்டு வெடிக்கக்கூடும். வடியும் நீர் சேரும் வாளியை நம்பாமல், வடிகுழாயை வெளியே விடுவது அவசியம்.

என் தேர்வு ஈரநீக்கியே. ஷட்டரின் அடியில் ரப்பர் பட்டை பொருத்தி, தரையின் ஈரக்கசிவையும் அடைக்காவிட்டால், இரண்டுமே மின்கட்டணத்தைத்தான் ஏற்றும்.