கேடிஎச்சும் நோவாவும்: மலை ஏற எந்தச் சக்கரம் இழுக்க வேண்டும்?

ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் வாடகை ஓட்டத்துக்கோ பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவதற்கோ வான் தேடுகிறவர்களின் பேச்சு பெரும்பாலும் இரண்டு டொயோட்டாக்களில் வந்து நிற்கும். ஒன்று, நாம் கேடிஎச் என்று அழைக்கும் ஹயஸ், மற்றது நோவா. ஆசனக் கணக்கு, எரிபொருள், விலை எல்லாவற்றையும் அலசுகிறவர்கள், எந்தச் சக்கரம் வண்டியை நகர்த்துகிறது என்பதை மட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். மலையகத்துக்கு அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் எண்ணம்.

ஹயஸ் 1967-இல் வெளிவந்த நாளிலிருந்து பின்சக்கர இழுவை வண்டியாகவே இருந்து வருகிறது. நான்கு சக்கர இழுவையுள்ள வகைகளும் உண்டு. முந்தைய ஹயஸான டொல்பினும் அப்படித்தான், 2004-இல் வந்த கேடிஎச் வரிசையும் அப்படித்தான், நிசான் கரவனும் அப்படித்தான். நோவாவின் கதை வேறு. பழைய டவுன்ஏஸ் நோவாவில் இயந்திரம் முன் ஆசனத்துக்கு அடியில் இருந்து பின்சக்கரத்தைச் சுழற்றியது. 2001-இல் வந்த நோவாவில் இயந்திரம் மூக்குக்குள் போய், இழுவையும் முன்சக்கரத்துக்கு மாறியது. ஆகவே ஒருவர் நோவா மலை ஏறும் என்றும் இன்னொருவர் ஏறாது என்றும் சண்டை பிடித்தால், இருவரும் ஒரே வண்டியைத்தான் சொல்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் பியட் டுக்காட்டோ போன்ற முழு அளவு வான்கள் 1981 முதல் முன்சக்கரத்திலேயே ஓடுகின்றன. போர்ட் ட்ரான்சிட் இரு வகையிலும் கிடைக்கிறது. நம் வீதிகளில் முன்சக்கர வான் என்றால் பெரும்பாலும் நோவாவும் அதன் உடன்பிறப்பான வொக்சியுமே என்பதால், ஹயஸை விடச் சிறியதாக இருந்தாலும் அதையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

ஏற்றத்தில் நடப்பது எளிய கணக்கு. நூறு அடிக்கு இருபது அடி உயரும் ஒரு தோட்டப் பாதையில் வண்டியை மேலே தள்ள அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விசை வேண்டும். ஏறும்போது எடையில் ஐந்தாறு சதவீதம் முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு நகர்ந்துவிடும். எட்டுப் பேரும் பின்னால் பொதிகளும் ஏறிய முன்சக்கர வானில் சமதரையில் 45 சதவீத எடை முன்னால் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஏற்றத்தில் மிஞ்சுவது 39. மழையில் நனைந்த கொங்கிரீட்டில் டயரின் பிடி தன் மேலுள்ள பாரத்தில் பாதி என்று எடுத்தால் கிடைப்பது பத்தொன்பதரை. தேவையோ இருபதுக்குக் குறையாது. அதே அளவு பாரம் ஏறிய பின்சக்கர வானில் பின் அச்சின் பங்கு 61 ஆகி, பிடி முப்பதைத் தாண்டுகிறது. ஒன்று நின்ற இடத்தில் சுழல, மற்றது முனகாமல் ஏறுவதற்குக் காரணம் இதுதான்; சாரதியின் திறமை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இதைக் கண்ணால் காண விரும்புகிறவர் மழைக்கால மாலையில் லயத்துக்கு ஏறும் ஏதாவதொரு கொங்கிரீட் பாதையில் நிற்கலாம். இரண்டு கொங்கிரீட் பட்டைகளுக்கு நடுவே புல்லும், பட்டைகளின் மேல் பச்சைப் பாசியுமாக இருக்கும். முன்சக்கர வான் வளைவில் வேகம் குறைந்த கணத்தில் ஒரு முன் டயர் சீறிக்கொண்டு சுழலும், ரப்பர் தீய்ந்த வாடை வரும், வண்டியின் மூக்கு மெல்லப் பக்கவாட்டில் தேயிலைப் பக்கம் ஒதுங்கும். ஸ்டியரிங்கைத் திருப்புவதும் இழுப்பதும் அதே சக்கரங்களின் வேலை என்பதால், சுழலும் டயர் சொல்பேச்சுக் கேட்காது. அனுபவமுள்ள சாரதிகள் இந்த இடத்தில் பின் ஆசனத்தில் இருப்பவர்களை இறக்கி நடக்கச் சொல்வார்கள். இடமிருந்தால் வண்டியைத் திருப்பி ரிவர்சிலேயே ஏற்றிவிடுவோரும் உண்டு, ஏனெனில் அப்போது இழுக்கும் சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் வந்து பாரம் அவற்றின் மேல் சாய்கிறது. பின்சக்கர வானிலோ கதை நேர்மாறானது: "தம்பி, முன்னால நெருக்காம பின் சீட்டுக்குப் போங்க" என்பார்கள்.

ஆனால் இதை வைத்துக் கேடிஎச்சுக்கு மாலை போட்டுவிட முடியாது. அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியிலோ, இறம்பொடை வளைவுகளிலோ நூற்றுக்குப் பத்து என்ற அளவு ஏற்றத்துக்கு முன்சக்கர வானிடம் தேவையைப் போல இரு மடங்கு பிடி இருக்கிறது. அங்கே இரண்டுக்கும் இடையில் ஏறும் திறனில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

இறக்கத்தில் நிலைமை தலைகீழாகிறது, இதைத்தான் நம்மவர்கள் குறைவாகப் பேசுகிறார்கள். வெறும் ஹயஸில் இயந்திரமும் சாரதியும் முன் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்க, பின் பகுதி இலேசாக இருக்கும். பாரம் சுமக்கவென்று அமைந்த பின்புற இலை வில்கள் வெற்று வண்டியில் விறைத்து, குழியில் பின் சக்கரத்தைத் துள்ளவைக்கும். பயணிகளை இறக்கிவிட்டு மழையில் திரும்பும் சாரதி, இறக்கத்தில் கியரைச் சட்டென்று தாழ்த்தினால் இயந்திரத்தின் தடுப்பு முழுவதும் அந்த இலேசான பின் சக்கரங்களில்தான் விழும். வளைவில் பின்புறம் வீசும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். முன்சக்கர வானில் அதே தடுப்பு, இறக்கத்தால் மேலும் பாரம் ஏறிய முன் சக்கரங்களில் விழுவதால் வண்டி கோட்டில் நிற்கிறது. நானுஓயாவிலிருந்து ரதல்லைக்கு இறங்கும் குறுக்கு வீதி போன்ற செங்குத்தான இடங்களில், ஆளில்லாத வண்டியோடு போவதானால் நான் நோவாவையே கேட்பேன்.

வளைந்து திரும்புவதில் கேடிஎச் ஆச்சரியமானது. 4.7 மீற்றர் நீள உடலுக்கு முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,570 மில்லிமீற்றர்தான். அதைவிடச் சிறிய நோவாவுக்கோ 2,825. கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்பிவிடுகிற சுகம் அதனால்தான். மறுபுறம், இயந்திரத்திலிருந்து பின் அச்சுக்கு ஓடும் நீண்ட தண்டு இல்லாததால் நோவாவின் தளம் தாழ்வாக அமைந்திருக்கிறது; முழங்கால் வலியுள்ள அம்மாக்கள் எந்த வண்டியை விரும்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தாழ்ந்த தளம் தோட்டப் பாதையின் நடுமேட்டில் உரசும் என்பது அதற்கான விலை.

என் தெரிவு இதுதான்: நாள்தோறும் ஆள் நிறைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போகும் ஓட்டமென்றால் கேடிஎச், முடிந்தால் நான்கு சக்கர இழுவையுள்ளது. நகரத்திலிருந்து நகரத்துக்குக் குடும்பமாகப் போவதென்றால் நோவா போதும், மிச்சக் காசை நல்ல டயரில் போடலாம். பாவித்த முன்சக்கர நோவா பார்க்கப் போகிறவர்கள் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பி, மெதுவாக வட்டமடித்துப் பார்க்க வேண்டும். டக் டக் என்று சத்தம் வந்தால், முன் அச்சு மூட்டின் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்திருக்கலாம், மலை வளைவுகள் அதை விரைவில் தின்றுவிடும். கேடிஎச்சில் கேட்க வேண்டியது டிப்ரென்சலின், அதாவது பின் அச்சு நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியின், ஊளை. ஏற்றத்தில் அக்சிலேட்டரை மிதிக்கும்போது எழுந்து, காலை எடுத்ததும் குரல் மாறினால், விலை பேசுவதற்கு முன் ஒரு கராஜில் காட்டுவது நல்லது.