சேவை நாயோடு சில ஆண்டுகள்: ஒரு படைவீரரின் மனைவி எழுதுவது

என் கணவர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். ஆப்கானிஸ்தானின் காந்தஹாரிலிருந்து திரும்பியபின், பிடிஎஸ்டி எனப்படும், பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோய் அவரை விடவில்லை. ஹேசல் என்ற லாப்ரடாரை, இப்படிப்பட்டவர்களுக்கு உதவப் பழக்கப்பட்ட சேவை நாயாக, தொண்டு நிறுவனம் ஒன்று இலவசமாகக் கொடுத்தது. சேவை நாய்க்கு விண்ணப்பிக்க நினைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரவைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கெட்ட கனவு வந்தால் அவருக்கு மூச்சு இரைக்கும், கால் உதறும். நான் தொட்டு எழுப்பினால் திமிறிக் கையை ஓங்கிவிடுவார். ஹேசல் முதலில் மூக்கால் அவர் முழங்கையை முட்டும். எழவில்லை என்றால் முன்னங்கால்களை மார்பில் ஊன்றி முகத்தை நக்கும். விழித்ததும் அவர்மேல் படுத்துக்கொள்ளும். அந்தக் கனத்தில் மூச்சு மெல்லச் சீராகும். இந்த ஒரு வேலைக்காகவே ஹேசலுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

கடையில் வரிசையில் நிற்கும்போது 'கவர்' என்று அவர் கட்டளையிட்டால் ஹேசல் அவருக்குப் பின்புறம் பார்த்து உட்காரும். முதுகுக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்ற பதற்றம் அடங்கும். ஆனால் அவருடைய மனநல ஆலோசகர் ஒரு சந்தேகம் எழுப்பினார்: ஆபத்து இருக்கிறது என்ற எண்ணத்தையே இது வளர்த்துவிடாதா? அந்தக் கேள்வி நியாயமானது. இப்போது அந்தக் கட்டளையை என் கணவர் குறைத்துக்கொண்டுவிட்டார்.

ஆராய்ச்சியாளர் மேகி ஓஹேரின் குழு 156 படைவீரர்களிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், நாய் பெற்றவர்களுக்கு மூன்று மாதங்களில் நோயின் கடுமை மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சையும் திறந்தே இருந்தது. எங்கள் அனுபவமும் அதுதான். பாதியில் விட்ட ஆலோசனைக்கு அவர் மீண்டும் போனது ஹேசல் வந்த பிறகே. நாய் வந்துவிட்டது, இனி மருத்துவர் எதற்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஹேசலைப் பராமரிக்கும் செலவு எங்கள் தலையில்தான். முன்னாள் படைவீரர் நலத்துறையின் 2012 விதி பார்வை, செவி, நடமாட்டக் குறைபாடுகளுக்கான நாய்களுக்கே மருத்துவச் செலவை ஏற்றது. மனநலக் காரணத்தைச் சேர்க்கவில்லை. 2021இல் வந்த சட்டம், வீரர்களே நாய்களைப் பழக்கும் சோதனைத் திட்டத்துக்கு வழிசெய்தது.

ஓர் உணவகத்தில் ஹேசல் சேவை நாய் என்பதற்குச் சான்றிதழ் கேட்டு வாசலிலேயே நிறுத்தினார்கள். அதைக் கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை. உடற்குறையாலோ மனநோயாலோ தேவைப்படும் சேவை நாயா, என்ன வேலைக்குப் பழகியது என்ற இரண்டு கேள்விகளை மட்டுமே கேட்கலாம். நோயின் விவரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அன்று அவர் முகம் வாடியதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: ஹேசல் வேலைச் சட்டை போட்டிருக்கும்போது அதை யாரும் கொஞ்சக் கூடாது. எங்கள் மகளுக்கு இது பழகவே நாளாயிற்று. சட்டையைக் கழற்றியதும் பந்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் முதலில் ஓடும்.

ஹேசலுக்கு வயதாகிறது. காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால் அடுத்த நாய்க்கு இப்போதே விண்ணப்பித்துவிட்டோம். ஓய்வு பெற்றபின் ஹேசல் எங்களோடேயே இருக்கும்.