மருந்து ஏற்றிய கொசுவலை: எல்லைக்குப் போறவங்க இதை வாங்குங்க

கொசுவலைக்கெல்லாம் ரிவ்யூவா என்று கேட்காதீர்கள். எல்லைப் பாதுகாப்புப் படையில் சேர்ந்த பையனுக்குத் திரிபுரா போஸ்டிங் என்றதும், நம்ம ஊர் அம்மாக்கள் டவுன் ரத வீதியில் ஒரு வெள்ளை நைலான் வலையை வாங்கிப் பெட்டியில் திணித்துவிடுகிறார்கள். எனக்கும் அதுதான் வந்தது. "எல்லாக் கொசுவும் ஒண்ணுதான் தம்பி" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

ஒன்றில்லை அண்ணாச்சி. வங்கதேச எல்லையை ஒட்டிய தலாய் மாவட்டக் காட்டில் மலேரியாவைப் பரப்புகிற அனாபிலஸ் கொசுவில் மினிமஸ் என்கிற வகை இருக்கிறது, அங்கே பரவுவது பெரும்பாலும் பால்சிபேரம், மூளைவரை போய் ஆளையே சாய்க்கிற மலேரியா. சாதா வலையில் தூக்கத்தில் முழங்கை ஒட்டினால் போதும், கொசு வெளியே நின்றபடியே குத்திவிடும்.

அப்புறம் வாங்கியதுதான் இந்த மருந்து வலை. நூலிலேயே டெல்டாமெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி ஏற்றியிருப்பதால் வந்து உட்கார்கிற கொசு பிழைக்காது, காலையில் கட்டிலைச் சுற்றிச் செத்துக் கிடக்கும். புது வலையைப் பிரித்ததும் ஒரு நெடி, அப்படியே கட்டிப் படுத்தால் கன்னம் எரியும். ஒரு நாள் நிழலில் விரித்துப் போட்டால் சரியாகிவிடும். வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள், மருந்து போய்விடும். சாதா சோப்பில் 20 துவைப்பு தாங்கும், 3 வருஷம் ஓடும் என்கிறார்கள்.

ஆனால் ராத்திரி வேலியோரம் ரோந்து போகிறவனுக்கு வலை என்ன செய்யும்? முழுக்கைச் சட்டையும் கொசு கிரீமும்தான். காட்டை வெட்டி எரித்து விதைக்கிற ஜூம் சாகுபடிக்காரர்கள் மலைக் குடிசையிலேயே படுக்கிறார்கள், அந்தப் பக்கம் வங்கதேசத்துச் சிட்டகாங் மலையிலும் இதே நோய், வேலி மனுஷனைத்தான் நிறுத்தும், கொசுவை இல்லை. காய்ச்சலே இல்லாமல் கிருமியைச் சுமந்து திரிகிறவர்கள் வேறு, அதனால் எல்லைக்கு ஒரு பக்கம் மட்டும் மருந்து கொடுத்துத் தீராது.

லீவில் ஊருக்கு வந்த எங்க படைப்பிரிவுப் பையனுக்குக் குளிர்காய்ச்சல். இங்கே ஒரு லேபில் டெங்குவுக்கு மட்டும் ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டார்கள், எங்கிருந்து வருகிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்களாகவே சொல்லி மலேரியாவுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். மலேரியாவிலேயே வைவாக்ஸ் வகை என்றால் ஈரலில் ஒளிந்திருந்து மாசக்கணக்கில் கழித்தும் கிளம்பும், டாக்டர் தரும் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாளும் விடாமல் சாப்பிடணும்.

வலைக்கு 5-க்கு 4. ஒன்றைக் குறைத்தது கயிறுக்காக, கூடவே வருகிற கயிறு சாண் நீளம்கூட இல்லை. டவுனிலேயே நாலு முழம் நைலான் கயிறு வாங்கிக் கொண்டு போங்கள்.